வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘ஒரே நாடு, ஒரே நேரம்’ திட்டத்தை வரவேற்றுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கி, மின்தொகுப்பு, தொலைத்தொடர்பு எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்த்துத் துல்லியமாக இயங்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வரைவு விதிகள் அதோடு நிற்கவில்லை. அரசு வேலைக்கும் வியாபாரத்துக்கும் இந்திய நேரத்தைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்றன. வானியல், கடற்பயணம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று விலகலாம். கட்டுரையில் வடகிழக்கு மாநிலங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேல் அசாமில் பல வருடம் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. நாட்டின் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர இடைவெளி. டிசம்பரில் துவாரகையில் மாலை ஆறே காலுக்குப் பொழுது சாயும். மேல் அசாமின் திப்ருகரில் நாலு இருபதுக்கே சாய்ந்துவிடும். ஜூன் மாதத்திலோ அங்கே காலை நாலே காலுக்கு வெயில் ஜன்னல் வழியே முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது பகலில் ஐந்தே முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். குளிர்காலத்தில் கடைசிப் பாடவேளைக்கு விளக்கு போட்டாக வேண்டும். மின்சாரம் நின்றால் பாடமும் நின்றது. பள்ளி விட்டதும் மைதானத்தில் விளையாட வெளிச்சம் இருக்காது. பெண் பிள்ளைகள் இருட்டில் சைக்கிள் மிதித்து வீடு போவார்கள். பெற்றோர் டியூஷனை நிறுத்தியது, பாட்டு வகுப்பை நிறுத்தியது எல்லாம் இதனால்தான். மாணவிகள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை எந்த மின் சேமிப்புக் கணக்கும் காட்டாது. வடகிழக்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் தனி நேரம் வந்தால் வருடத்துக்கு 2 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்று தேசிய இயற்பியல் ஆய்வகம் சொன்னது. நல்லதுதான். ஒரு யூனிட்கூட மிச்சமாகாவிட்டாலும் அந்தப் பிள்ளைகளுக்காக இதைச் செய்யலாம் என்பேன்.

தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ‘பாகான் டைம்’ உண்டு. இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். விடிந்தவுடன் வேலை தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க அந்த ஏற்பாடு. தோட்டத்துக்கு அது சரி. ஆனால் பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் இந்திய நேரம். அம்மா எட்டு மணி என்று கொழுந்து பறிக்கக் கிளம்பினால் பள்ளிக் கடிகாரத்தில் அப்போது ஏழுதான். மணி அடிக்கும் வரை பிள்ளையை யார் பார்ப்பது? ஒரே வீட்டுக்குள் இரண்டு நேரம் ஓடுவதை அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வருகிறார்கள். புதிய விதி அப்படியே வந்தால் பாகான் டைம் என்ன ஆகும்? கொஞ்சம் உதவியாக இருந்த ஏற்பாட்டையும் பறித்ததாகிவிடாதா?

அப்புறம் திரிபுராவின் தலைநகர் அகர்தலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது டாக்காவுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி இருக்கிறது. மேற்கே உள்ள வங்கதேசத்தில் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எல்லை தாண்டிக் கிழக்கே வந்தால் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது!

நேரம் பிரிந்தால் நாடு பிரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நம் சென்னையே பதில். 1906-க்கு முன்பு இந்திய ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்குப்படி. பம்பாய், கல்கத்தா ஊர் நேரம் வேறு. இந்திய நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை விடவில்லை. சுதந்திரம் வாங்கிய நாட்டில் பம்பாய் எட்டு வருடம் தனி நேரத்தில் இருந்தது. அதனால் ஒற்றுமைக்கு என்ன குறை வந்தது?

ரயில் விபத்து நடக்கும் என்பது அடுத்த பயம். இதைத் தேசிய இயற்பியல் ஆய்வகம் 2018-லேயே ஆராய்ந்துவிட்டது. நாட்டின் நேரத்தைக் காக்கும் நிறுவனமே அதுதான். மேற்கு வங்கமும் அசாமும் சந்திக்கும் குறுகிய இடத்தில், 89 டிகிரி 52 நிமிடத் தீர்க்கரேகையில் எல்லையை வைத்தால், நியூ கூச்பெஹார், அலிப்பூர்துவார் நிலையங்களில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றது. அதுகூட வேண்டாம் என்றால் ரஷ்யாவைப் பாருங்கள். பதினோரு நேர மண்டலங்கள் உள்ள நாடு. ஆனாலும் 2018 வரை ரயில் டிக்கெட்டில் எங்கும் மாஸ்கோ நேரம்தான். ரயிலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம் என்று அவர்களால் முடிந்தது.

அலுவலக நேரத்தை மட்டும் முன்னால் நகர்த்தினால் போதாதா என்று கேட்பார்கள். மாநில அலுவலகத்தை நகர்த்தலாம். மத்திய அலுவலகம், வங்கி, அகில இந்தியத் தேர்வு, விமானம், டெல்லியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எதுவும் நகராது. நாடு முழுவதற்கும் அரை மணி நேரம் கூட்டலாம் என்ற யோசனையும் பெங்களூரிலிருந்து வந்தது. நமக்கு அதில் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் துவாரகையில் குளிர்காலத்தில் எட்டு மணிக்குத்தான் விடியும். திப்ருகருக்கோ பாதித் தீர்வுதான் கிடைக்கும்.

அவசரப்பட்டு மாற்றினால் கெடும் என்பதும் உண்மை. வங்கதேசம் 2009 ஜூனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அந்த வருடக் கடைசியோடு கைவிட்டது. டிசம்பரில் டாக்காவில் ஏழரை மணிக்குச் சூரியன் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? திப்ருகரின் கணக்கு வேறு. ஒரு மணி நேரம் கூட்டினாலும் டிசம்பரில் ஏழுக்கு முன்பே விடிந்து, ஐந்து இருபதுக்குப் பொழுது சாயும். ஜூனில் ஐந்தே காலுக்கு விடியும். ஏறக்குறைய நாம் சென்னையில் அனுபவிக்கிற பகல்.

அசாம் முதல்வராக இருந்த தருண் கோகோய் 2014-ல் இதைக் கேட்டார். 2017-ல் அருணாச்சல முதல்வர் பேமா காண்டு கேட்டார். அதே வருடம் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தள்ளுபடியானது. கட்சி வேறுபாடு இல்லாமல் அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டெல்லி மறுத்துக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குக்கென்று இரண்டாவது நேரத்தை அந்த விதிகளிலேயே சேர்க்க வேண்டும். அது வரும்வரை பாகான் டைமுக்கு வெளிப்படையான விலக்கு தர வேண்டும். மாநில உரிமை பற்றி அதிகம் பேசுகிற நம் தமிழக எம்.பி.க்கள் இந்தக் கோரிக்கைக்கு நாடாளுமன்றத்தில் துணை நிற்கலாம். அந்த மாநிலங்களின் ஆசிரியர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் பேச வைத்து ஒரு கட்டுரை வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.