ஒரு நிமிடத்தில் மதிப்பெண், 17 நாள் கழித்து முடிவு

எங்கள் மாவட்டத்தில் காசநோய் ஒழிப்புத் திட்டத்தை நடத்தும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்பின்னிங் மில் வாசலில் உங்கள் எக்ஸ்ரே வண்டி வந்து நின்றது. கையில் தூக்கிப் போகிற மெஷின், ஒரு டேப்லெட், படத்தைப் பார்த்ததும் காசநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று மதிப்பெண் போடும் ஏஐ மென்பொருள். எல்லாம் நீங்கள் அனுப்பியவை, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று அந்த வரிசையில், அதே மில்லில் வேலை பார்க்கும் என் அம்மாவும் நின்றார். அவர் படத்துக்கு மென்பொருள் போட்ட மதிப்பெண், நூற்றுக்கு 86.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான். ஏஐ யாரைச் சந்தேகப்பட்டாலும், அவருடைய சளிப் பரிசோதனை முடிவு 3 நாளுக்குள் அவர் கைக்கு வர வேண்டும். எங்களுக்கு வர 17 நாள் ஆனது.

நான் 14 வருடமாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். மெஷின் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பு என்ன சொன்னது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் என்று அறிகுறி மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். அத்தனை படத்தையும் உட்கார்ந்து பார்க்க மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்? 15 வயது நிரம்பியவர்களின் படத்தை மருத்துவருக்குப் பதில் மென்பொருளே பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்தபோது எங்கள் துறையில் சிலர் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பரிந்துரைப்படி மென்பொருளின் வேலை சலித்தெடுப்பது மட்டும்தான். நோய் உண்டா இல்லையா என்பதைச் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு 2011ல் டிபி வந்தது. வாரத்துக்கு 3 நாள் மாத்திரை, 6 மாதம், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு முழுதாகக் குணமானவர். வலது நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. 2016ல் நான் எடுத்த படத்திலும் 2022ல் எடுத்த படத்திலும் அது அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. எங்கள் மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பழசுதாம்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார். வண்டியில் இருந்த மென்பொருளுக்கு இந்தப் பழைய படங்கள் தெரியாது. வண்டியில் இருந்த தம்பி பெயர், வயது, போன் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டார். "முன்னாடி டிபி வந்திருக்கா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா மறைத்திருக்க மாட்டார்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விதி என்று விட்டுவிட முடியாது. டாக்காவில் 23,954 பேரின் படங்களை வைத்து 5 மென்பொருள்களைச் சோதித்து, 2021ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். வயதானவர்களிடமும் முன்பே டிபி வந்துபோனவர்களிடமும் ஐந்துமே தடுமாறின. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது நோய், இது நோயில்லை என்று பழக்கிய மென்பொருளுக்குப் பழைய தழும்பும் புதிய புண்ணும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அதைக் குறை சொல்லி என்ன செய்வது? 2018ல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு மென்பொருளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. இடது, வலது என்று காட்டப் படத்தின் மூலையில் என்னைப் போன்றவர்கள் வைக்கும் ஈய எழுத்தைப் போன்ற அடையாளங்களிலிருந்தே படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று அது தெரிந்துகொண்டதாம். அதைப் படித்த நாளிலிருந்து அந்த எழுத்தை வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். ஓர் இடத்தில் பழக்கிய மென்பொருள் இன்னோர் இடத்தில் தடுமாறலாம் என்பதால், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சந்தேகம் என்ற எல்லைக்கோட்டை அந்தந்த ஊர் மக்களிடம் சோதித்துத்தான் போட வேண்டும் என்பார்கள். நம் மாவட்டத்துக்கு அந்த எல்லைக்கோட்டைப் போட்டது யார்? பஞ்சுத் தூசியில் 20 வருடம், 30 வருடம் வேலை பார்த்தவர்களின் நெஞ்சுப் படங்களை வைத்துச் சோதித்தார்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, அன்று நடந்ததற்கு வருகிறேன். டேப்லெட்டில் அம்மாவின் படம் வந்தது. வலது தோளுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு, பக்கத்தில் 86. பக்கத்திலேயே மில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். வரிசையில் பின்னால் நின்ற நான்கைந்து பேரும் பார்த்தார்கள். அம்மா சட்டைப் பின்னைக்கூட இன்னும் திரும்பக் குத்தவில்லை, அதற்குள் "ரிசல்ட் வர்ற வரைக்கும் வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மறைப்புக்கு ஒரு திரை இல்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லை. மில்லைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. அவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டியது உங்கள் திரை.

கையில் சளி டப்பா கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு இருமலே கிடையாது. இருமல் இல்லாதவருக்குச் சளி எங்கிருந்து வரும்? முதலில் கொடுத்ததை, "இதுல எச்சில்தான் இருக்கு" என்று மூன்றாம் நாள் போன் செய்து திருப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு அம்மா பின்கட்டில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெந்நீர் குடித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து இருமினார். வயிறு குழிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தத்தை அடக்கி அடக்கி இருமினார். இல்லாத சளியை வரவைக்க ஒரு பொம்பளை முக்கால் மணி நேரம் போராடினார். டப்பாவின் அடியில் கொஞ்சம் வந்தது.

அன்று மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா பரணிலிருந்து ஒரு தட்டையும் டம்ளரையும் இறக்கிக் கழுவி வைத்திருந்தார். 2011ல் அவருக்கென்று ஒதுக்கியவை. அப்போது ஒதுக்கியது எங்கள் பாட்டி. இந்தத் தடவை யாரும் சொல்லாமல் அம்மாவே எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். 4 வயதுப் பேரன் ஓடிவந்தால், "வராதே, வராதே" என்று கையைக் காட்டினார். தட்டாலும் டம்ளராலும் டிபி பரவாது என்று எத்தனை தரம் சொன்னேன். வீட்டில் வைத்தே நோயாளியைக் குணப்படுத்தலாம், கூட இருப்பவர்களுக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே 1950களில் சென்னையில் நடந்த ஆய்வுதான், அதையும் சொன்னேன். "நான் அப்பவே பழகிட்டேன், விடு" என்றார்.

சளியில் டிபி கிருமியைத் தேடும் ட்ரூநாட் மெஷினில் போட்டால் சுமார் 1 மணி நேரத்தில் தெரிந்துவிடும், அதே வேலையைச் செய்யும் சிபிநாட் மெஷினில் 2 மணி நேரம். மிச்ச நாளெல்லாம் அந்த டப்பா எங்கே காத்திருந்தது? ஒருநாள் லேபில் ஆள் இல்லை என்றார்கள், இன்னொரு நாள் மெஷினில் போடும் சிப் தீர்ந்துவிட்டது என்றார்கள். 17ஆம் நாள் போனில், "நெகட்டிவ்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மில்லில் காகிதம் கேட்டார்கள், அதை வாங்க நான் ஒரு நாள் லீவு போட்டேன். அம்மாவுக்குப் போனது 15 ஷிப்ட் சம்பளம்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள். அம்மாவின் சளியில் நிஜமாகவே கிருமி இருந்திருந்தால்? அந்த 17 நாளும் மருந்தில்லாமல், ஒரு சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருப்பார். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததால் யாருக்கு என்ன பயன்?

முகாம் பேனரில் எத்தனை பேருக்குப் படம் எடுத்தோம் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். எத்தனை பேருக்கு எத்தனை நாளில் சளி முடிவு கொடுத்தோம் என்று ஒரு பேனரிலும் நான் பார்த்ததில்லை. புது மெஷின் வாங்கக் காசு வருகிறது, லேப் டெக்னீஷியன் போடக் கேட்டால் ஒப்பந்தம், தற்காலிகம், பிறகு பார்க்கலாம். இருக்கிற ஒருவரே மூன்று சுகாதார நிலையத்துக்கும் ஓடுகிறார். அவருக்கு லீவு என்றால் டப்பாவுக்கும் லீவு. எங்கள் துறையில் எல்லாரும் வருடக்கணக்கில் இதைத்தான் புலம்புகிறோம்.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் மனசார மதிக்கிறேன். எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று ஒரு சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டே, யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரித்தெடுக்கிறார்கள். அப்படி ஒரு மனுஷரின் கேள்வி அந்த வண்டியிலும் இருக்கட்டும். முன்பு டிபி வந்ததா என்று கேட்டு மதிப்பெண்ணோடு சேர்த்து எழுதுங்கள். வந்திருந்தால் சளி பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மறுபடி வர வாய்ப்புள்ளவர்கள்தான் அவர்கள். அதனால்தான் சீக்கிரம் பாருங்கள் என்கிறேன். திரையை அந்த ஆள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். சளி முடிவை 3 நாளுக்குள், தமிழில், காகிதத்தில் கொடுங்கள்.

அடுத்த மாதம் வண்டி மறுபடி வருகிறது என்று மில்லில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அம்மா போக மாட்டேன் என்கிறார். அவரோடு வேலை பார்க்கிற சிலரும் அன்றைக்கு லீவு போடப் போகிறார்களாம். போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரிடமும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை 3 நாளில் முடிவு வரும் என்று அவர்களிடம் நான் சொல்லலாமா? அதற்கு மட்டுமாவது, முகாமுக்கு முன்னால் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மில் தொழிலாளி ஒருவரின் மகள்