நக்கிள் வெல்டிங்: எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் விடுமுறையில் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறவேண்டும், 35 அங்குல டயரும் போட்டாயிற்று, நக்கிளை (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) வெல்டிங் வைத்துக் கெட்டியாக்கித் தாருங்கள் என்று பலர் கேட்கிறீர்கள். லேண்ட் குரூசர் 79 பிக்கப், 80 சீரீஸ் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பதில் இது.

நக்கிளில் வெல்டிங் வைக்கமாட்டோம். அது வார்ப்பு உருப்படி. வெல்டு ஓரத்தில் சட்டென்று ஆறும் இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மலைத் திருப்பத்தில் அது உடைந்தால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. நக்கிளைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்மைச் சூடாக்கி வளைத்துத் தரவும் மாட்டோம். ஆர்மின் உயரம் மாற வேண்டுமானால் போல்ட்டில் பொருந்தும் ஆர்ம் வாங்குங்கள்.

நாங்கள் வெல்டு செய்வது அச்சுக் குழாயும், அதன் முனையில் நக்கிள் திரும்பும் உருண்டையும் சேரும் கழுத்தை; அங்கே முட்டுத் தகடு வைத்து வலுவாக்குகிறோம். கனத்த டயர் அடி வாங்கும்போது வளைவது அந்த இடம்தான். வளைந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்ஓரம் தேயும். உள் சீல் கசிந்து டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிள் கிரீஸைக் கூழாக்கும். இந்த அறிகுறி இருந்தால் முதலில் நிமிர்த்த வேண்டும். வளைந்த அச்சில் முட்டுத் தகடு வைத்தால் வளைவுதான் நிலைக்கும்.

நக்கிள், அச்சுத் தண்டு, சீல் எல்லாம் கழற்றி, ஆயிலை வடித்துவிட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கிறோம். வீட்டில் செய்பவர்கள் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். தகடு 6 மி.மீ. மைல்ட் ஸ்டீல். பழைய வெல்டின் மேல் ஏறாதபடி அதன் மூலையை வெட்டிவிடுகிறோம். கழுத்தை 150 டிகிரி வரை சூடாக்கி, இ7018 என்ற வெல்டிங் ராடில் மேலும் கீழும் மாறிமாறி 40 மி.மீ. துண்டுகளாக வெல்டு வைக்கிறோம். ஒரே பக்கம் தொடர்ந்து ஓட்டினால் ஆறும்போது குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) போய்விடும். டர்பன் காற்றின் ஈரத்தை ராடு உறிஞ்சினால் ஹைட்ரஜன் விரிசல் வரும், ஆகவே ராடு உலர்த்தும் சூட்டடுப்பிலிருந்து எடுத்த ராடு மட்டுமே. எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்தில். மறு சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து அதைக் குழியாக்கும். பிறகு வெப்பப் போர்வைக்குள் மெல்ல ஆறவிட்டு, விரிசலுக்குள் சாயம் ஊறிக் காட்டும் சாய ஊடுருவல் முறையில் விரிசல் பார்க்கிறோம். தண்ணீர் ஊற்றுவதே கிடையாது.

காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) வேறு விஷயம். வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மின் புஷ் மாற்றிச் சரிசெய்யலாம், உருண்டையை வெட்டித் திருப்பத் தேவையில்லை.

கொண்டுவரும்முன் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். இரு பக்கத்துக்கும் சீல் செட், நக்கிள் பேரிங், ஆர்ம் ஸ்டட், கூம்பு வாஷர் வாங்கி வையுங்கள். பழைய ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எந்தப் பக்கத்தில், மேலா கீழா என்று நாங்களே குறித்துக்கொள்வோம். மாறினால் நக்கிள் மையம் தவறும். இன்சூரன்ஸ்காரருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கூம்பு வாஷர் உட்கார்ந்ததும் ஆர்ம் நட் தளரும். 80 சீரீஸில் அதை 96 நியூட்டன் மீட்டருக்கு மறுபடி இறுக்க வேண்டும். அதற்கு முன் மலை ஏறாதீர்கள்.

அன்புடன்,
அச்சு, ஸ்டீயரிங் பட்டறையினர்
டர்பன்