எங்கள் திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் ஒரே படத்தைப் பற்றித்தான்: 1941இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'சபாபதி'.

ஆடி மாதப் போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், அதை முதலில் போட்டோம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே தகரக் கூரை. அந்தக் காலத்து ஒலிப்பதிவோ மெலிசு. வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. சிரிப்புப் படத்தில் பேச்சுப் போனால் என்ன மிஞ்சும்? நிறுத்திவிட்டு பிளேன்டீ குடித்துக் கலைந்தோம்.

தைப் போயாவில் மறுபடி போட்டோம். மண்டபம் நிறைந்துவிட்டது.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அப்புறம் பல வருடம் பெரும்பாலும் புராணமும் பாட்டுமாகவே போனது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து பிறந்த 'சபாபதி'யில் ராஜாவும் இல்லை, சாபமும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர்: பரீட்சையில் தவறும் பணக்காரப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன், அவருடைய வேலைக்காரனாக காளி என்.ரத்தினம். எசமானுக்கு ஒரு காதல் என்றால் வேலைக்காரனுக்கும் ஒன்று. வேலைக்காரியாக வரும் ராஜகாந்தத்தோடு ரத்தினம் அடிக்கும் கூத்துதான் எனக்கு உயிர். வேலைக்காரனின் காதலுக்கும் அதே மரியாதையோடு இடம் கொடுத்ததால்தான் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் நம் சனம் இந்தப் படத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

கோலி சோடா உடைக்கச் சொன்னால் அந்த வேலைக்காரன் போத்தலையே உடைக்கிறான். முன்வரிசைச் சிறுவனுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த தாத்தா அவன் உள்ளங்கையில் தன் பெருவிரலை வைத்து அழுத்தி, "இப்பிடித்தான் கோலிய உள்ளுக்குத் தள்ளணும், அதத்தான் உடைக்கிறதுன்னு சொல்லுவோம்" என்றார். பையன் சிரிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. அதையும் பார்த்துச் சிரித்தான்.

மதன், ரதி கதையை ஆடும் நம் காமன் கூத்தில் பல வருடம் ரதி வேசம் கட்டிய ஐயா ஒருவர் கடைசியில் என் கையைப் பிடித்தார். "மதனும் ரதியும் தர்க்கம் பண்ற மாதிரியே இருக்குது தம்பி" என்றார். அவரைப் பாடச் சொன்னோம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பாடினார். யாரும் எழுந்து போகவில்லை.

வரும் வருடத்துக்கு ஒரு பிரேரணை. 1936இல் வந்த 'சதிலீலாவதி'யின் நாயகன் தப்பியோடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் வருகிறான். அதை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? தையிலேயே வைத்துவிடுவோம். மாசி பிறந்தால் பொடியன்கள் எல்லாரும் காமன் கூத்துக்குப் போய்விடுவார்கள்.