வேலூர் மாவட்ட ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு: கிரியாட்டினினோடு எடையையும் எழுதுங்கள்

பரிசோதனை நிலையத்தாருக்கு வணக்கம்.

காட்பாடி முதல் பேரணாம்பட்டு வரை நீங்கள் தரும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் மருந்தாளுநர்களான நாங்கள் டோஸ் சரிதானா என்று கணக்குப் பார்க்கிறோம். தாளில் கிரியாட்டினின் (சதையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இருக்கிறது, வயது இருக்கிறது. எடை இருப்பதில்லை. எடை தெரியாமல், சிறுநீரகம் வெளியேற்றும் பல மருந்துகளுக்குக் கணக்கே போட முடியாது.

72 வயது அம்மா ஒருவர் என்று வையுங்கள். உயரம் 148 செ.மீ., எடை 40 கிலோ, கிரியாட்டினின் 1.1. நார்மல் என்று பலரும் விட்டுவிடும் எண். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்க 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி, 140இல் வயது போக 68. எடையால் பெருக்கினால் 2,720. அதை 72 × 1.1 (இந்த 72 வயது அல்ல, சூத்திரத்தில் உள்ள மாறாத எண்), அதாவது 79.2ஆல் வகுத்தால் 34. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 29 மி.லி. இவருக்கே 2021ஆம் ஆண்டின் சி.கே.டி-எபி என்ற இன்னொரு சூத்திரம் தரும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவின் கணிப்பு) 53! அது எடையைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் உடல் பரப்பு 1.73 சதுர மீட்டர் என்று வைத்துச் சொல்கிறது. இவருக்கு இருப்பது சுமார் 1.28.

சுகர் கால் எரிச்சலுக்குக் காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தை 300 மி.கி. மூன்று வேளை எழுதியிருந்தால் நாளைக்கு 900. 53 என்றால் கொடுக்கலாம். 29 என்றால் 700ஐத் தாண்டவே கூடாது. மிஞ்சினால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம். இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கோ இ.ஜி.எஃப்.ஆர்.தான் கணக்கு: 45க்குக் கீழே புதிதாகத் தொடங்குவதில்லை, 30க்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். ஆகவே இரண்டு எண்ணும் வேண்டும், எது எந்தச் சூத்திரம் என்ற குறிப்போடு.

ரத்தம் எடுக்கும் இடத்தில் ஓர் எடை மெஷின் போதும். செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்துங்கள். ‘எவ்வளவு இருப்பீங்கம்மா?’ என்று கேட்டு எழுதுவது வேண்டாம். முந்தின ராத்திரி பிரியாணி சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள், ஆம்பூர் பக்கம் கட்டாயமாக: வெந்த கறியாலேயே கிரியாட்டினின் சில மணி நேரம் ஏறி நிற்கும். கால் எடுத்தவர், படுத்த படுக்கையானவர் என்றால் தாளில் குறியுங்கள். சதை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் குறைந்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் காட்டும்.

வயிற்றுப்போக்கோடோ கத்திரி வெயிலில் சுருண்டு விழுந்தோ வந்தவருக்கு எந்தச் சூத்திரமும் ஆகாது. சிறுநீரகம் பழுதான பிறகு கிரியாட்டினின் முழுதாக ஏற நாளாகும். அங்கே கணக்கிட்ட எண்ணை அச்சிடாமல் மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள்.

புதிய ரிப்போர்ட் தாளின் மாதிரியை நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
வேலூர் மருந்தாளுநர்கள் சிலர்