நாகப்பட்டினம் துறைமுக விஷயத்துல முடிவெடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அய்யா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

2023 அக்டோபர்ல இலங்கைல இருக்குற காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டீங்க. கடுவையாத்து முகத்துவாரத்துலேருந்து அது கெளம்புனத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நெசமாவே சொல்றேன்.

இப்ப ஒரு வேண்டுகோள். பெட்டியும் கையுமா கப்பலுக்கு காத்திருக்குற சனங்க கண்ணுல இந்த ஊர் கதை படணும். சூடாமணி விகாரம்னு இங்க இருந்த புத்த மடம், ராஜராஜ சோழன் அதுக்கு எழுதி விட்ட ஆனைமங்கலம் கிராமம், 1658ல டச்சுக்காரன் பிடிச்சது, 1781ல இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது, இதெல்லாம் யாராவது எழுதிருவாங்க. நான் கேக்குறது உழைச்சவங்க கதை.

1861லயே இங்கேருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடிச்சு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் இங்கதான் இருந்துச்சு, அத 1920கள்ல திருச்சி பொன்மலைக்கு தூக்கிட்டுப் போனாங்க, கூடவே ஆள்குறைப்பு, 1928 ஜூலைல தென்னிந்திய ரயில்வே பூரா ஸ்ட்ரைக், தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனாரு. ஒர்க்‌ஷாப் போனதோட எத்தன குடும்பம் ஊர விட்டுப் போயிருக்கும், நெனச்சுப் பாருங்க. இதுக்கு ஒரு கல்லாவது நடணும்ல?

அப்பறம் கப்பல் வேலை. எங்க தாத்தா மூட்டை தூக்குனவரு. பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது, தூரமா கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். வெங்காய மூட்டைய படகுல ஏத்திக்கிட்டு போய், அலை படக மேல தூக்குற அந்த நொடி பாத்து கப்பல் பக்கம் தள்ளணும், கொஞ்சம் பெசகுனா மூட்டையும் போச்சு காலும் போச்சும்பாரு. ரஜூலாங்கிற பயணிகள் கப்பல் வர்ற அன்னிக்கு பினாங்கு, சிங்கப்பூர் போறவங்க, அவங்கள அனுப்ப வந்தவங்கன்னு கடற்கரையே திருவிழா மாதிரி இருக்குமாம், அழுகையும் சேர்த்துதான். எத்தன தடவ சோப்பு போட்டாலும் அவரு துண்டுல வெங்காய வாடை போகாதுன்னு ஆத்தா இன்னிக்கும் சொல்லும்.

அந்த வேலை பாத்தவங்கள்ல சில பேரு இன்னும் இருக்காங்க, எல்லாருக்கும் எம்பதுக்கு மேல. யாராவது ஒரு ரெக்கார்டர எடுத்துட்டுப் போய் திண்ணைல உக்காந்து கேளுங்க, இந்த வருசமே கேளுங்க, அடுத்த வருசம்னு தள்ளாதீங்க. கப்பல் ஏறுற எடத்துல ஒரு செவுரு குடுத்தா போதும், அவங்க பேரும் போட்டோவும் இருக்கட்டும்.

தாத்தா மூட்டைய குத்தி இழுத்த இரும்புக் கொக்கி எங்க வீட்டு பரண்ல இருக்கு. புடி தேஞ்சு அவரு கைக்குன்னு வார்த்த மாதிரி ஆயிருக்கு. நீங்க எடம் ஒதுக்குங்க, நானே கொண்டாந்து தர்றேன்.