விருப்பம் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவ மாணவர்கள் கிராமத்துக்குப் போக மறுக்கிறார்கள் என்று பொத்தாம் பொதுவாகப் பழி சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மனசார வந்த இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நள்ளிரவில் பிரசவித்த தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஸ்கேன் இல்லை, கேட்க மூத்தவர் இல்லை. அந்த இளம் மருத்துவரின் கையுறை போட்ட விரல்கள் நடுங்கியதை மறக்க முடியாது. அவருக்கு மனம் இருந்தது, பழக்கம்தான் இல்லை. பெரிய மருத்துவமனையிலேயே படித்தவருக்கு அது எப்படி வரும்?

உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கிராமங்களில் இருக்க, மருத்துவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அங்கே பணிபுரிவதாக உலக சுகாதார நிறுவனம் 2010இல் சொன்னது. கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்கவும், படிக்கும்போதே கிராமப் பயிற்சி தரவும் அப்போதே பரிந்துரைத்தது; 2021இலும் அதையே வலியுறுத்தியது. அந்தப் பயிற்சி பேருக்கு நாலு நாள் பேருந்தில் போய் வருவதாக இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, அவரிடம் கற்க வேண்டும். தங்க நல்ல வீடும், இரவில் போன் செய்தால் எடுக்கும் ஒரு நிபுணரும் இருந்தால் இன்னும் பலர் தங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்