அலையாத்திக்கு முதலில் வாய்க்கால்

ஆசிரியருக்கு,

முத்துப்பேட்டைக் கடலோரச் சேற்றில் கன்றை ஊன்றிப் படம் எடுத்ததோடு, உப்புநீர்ச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரங்களின் நடவு பல நேரம் முடிந்துவிடுகிறது. கன்று பட்டுப்போவது பெரும்பாலும் உப்பால். பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றி வெயிலில் சுண்டும். சித்திரையில் தரை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். இலை வழியே உப்பைக் கசியவிடும் அலையாத்திக்கே அது தாங்காது.

ஆகவே முதலில் நடுவே ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் 45 டிகிரி சாய்வில் கிளைகள், மீன்முள் போல. கன்றை வாய்க்கால் கரை உச்சியிலும் வைக்கக் கூடாது, அடியிலும் கூடாது. கடல் ஓதம், அதாவது ஏறி இறங்கும் அலைநீர், தொட்டுத் திரும்பும் சரிவில் வைக்க வேண்டும். கோரையாறும் பாமணியாறும் நல்ல தண்ணீர் கொண்டுவரும் ஐப்பசி, கார்த்திகைதான் பருவம். வாய்க்கால் வாய் வண்டலில் தூர்ந்தால் பழைய கதைதான். தூர்வார நிதி ஒதுக்காமல் கன்றுக் கணக்கு மட்டும் எதற்கு?

- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி